மறைந்திருக்கும் அண்மை

தீராத நோயிலும் பெரும் இழப்பிலும் தவிப்பவரை வாட்டுவது உடல் வேதனை மட்டுமன்று. 'இறைவன் கைவிட்டுவிட்டாரோ' என்ற ஐயம் அதனினும் கொடியது. அந்நிலையில் அருகிலிருப்போர், "விசுவாசம் குறைந்துவிட்டது" என்று கூறினால் வேதனை இரட்டிப்பாகும். யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதுவே. ஏழு நாள் வாய் திறவாமல் அவருடன் தரையில் அமர்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தனர். பேசத் தொடங்கிய பின்னரே குற்றம் சாட்டுவோர் ஆயினர்.

விசுவாசம் குறைந்தவருக்குத்தான் இந்நிலை வருமா? கல்கத்தாவில் வாழ்ந்த அன்னை தெரேசாவின் வாழ்க்கை வேறு விடை தருகிறது.

1946 செப்டம்பர் 10 அன்று, டார்ஜிலிங் செல்லும் ரயிலில், ஏழைகளிலும் ஏழைகளுக்குப் பணிபுரிய இயேசு அழைப்பதை அன்னை உணர்ந்தார். தொடர்ந்து வந்த மாதங்களில் இறைவனின் அண்மை அவருக்குத் தெள்ளத் தெளிவாக இருந்தது. 1948இல் லொரேட்டோ மடத்தை விட்டுச் சேரிகளில் பணியைத் தொடங்கினார். அந்த அண்மை மறைந்தது! எந்தப் பணிக்காக அழைக்கப்பட்டாரோ, அதை ஏற்ற காலத்திலேயே இருள் சூழ்ந்தது. 1953இல் பேராயர் பெரியேவுக்கு எழுதிய கடிதத்தில் இதைத் தெரிவித்துத் தமக்காக ஜெபிக்க வேண்டினார். 1958 அக்டோபரில், மறைந்த போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸுக்கான திருப்பலியின்போது ஒளி திரும்பியது. சில வாரங்களில் அதுவும் அகன்றது.

1961 அளவில் இயேசு சபைக் குரு ஜோசப் நாய்னர் அவருக்கு வழிகாட்டினார். இதற்கு மனித முயற்சியால் பரிகாரம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. இறைவனை உணர்வது மட்டுமே அவர் உடனிருப்பதற்குச் சான்றன்று. அவருக்காக ஏங்கும் ஏக்கமே அவர் மறைவாக இருப்பதன் அடையாளம் என்றார். தாயைக் காணாமல் அழும் குழந்தையை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். தாயை அறியாத குழந்தை அவ்வாறு அழுவதில்லை.

சிலுவையில் இயேசு எழுப்பிய கதறலும் இத்தகையதே. அது 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். கைவிடப்பட்ட வேதனையை அவர் வேறெவரிடமும் சொல்லவில்லை, இறைவனிடமே முறையிட்டார். 'என்' என்ற உரிமைச் சொல்லையும் விடவில்லை.

நாய்னரின் விளக்கத்திற்குப் பிறகும் அன்னையின் இருள் நீங்கவில்லை. ஆயினும் அதை இயேசுவின் பாடுகளில் தமக்குக் கிடைத்த பங்காக ஏற்று நேசிக்கத் தொடங்கினார். யாருக்கும் வேண்டாதவராய்த் தெருவில் கிடந்தோரின் தனிமையை அவர் வெளியிலிருந்து மட்டும் பார்த்தவரல்லர்.

அவருடைய கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது, அன்னை நம்பிக்கையிழந்தவர் என்று சிலர் எழுதினர். அவற்றுள் இயேசுவையே முன்னிலைப்படுத்தி எழுதப்பட்டதும் உண்டு என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. உடன் வாழ்ந்த சகோதரிகளும் இதை அறிந்தபோது வியந்தனர். அவர்கள் நாள்தோறும் ஜெபிக்கும் சிற்றாலயங்களில், சிலுவையின் அருகே, இயேசு தம் தாகத்தை வெளியிட்ட சொல் எழுதப்பட்டுள்ளது. அதை அங்கே வைத்தவர் அன்னைதான்.