புதுசுதானே சார்?

வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது எனக்கு இப்படி ஒரு படம் வந்துவிடும். கண்ணாடிக் குப்பிக்குள் வெளிறிப்போய்ச் சுருண்டு கிடக்கும் ஓர் உயிர், அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம், கீழே ஒரு வரி: "ஆழ்கடல் மாதிரியில கிடைச்சது. எந்தப் புத்தகத்திலயும் இல்ல. புதுசுதானே சார்?"

நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். எந்தெந்தப் புத்தகத்தில் பார்த்தீர்கள்?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. ஆழ்கடல் தரையிலிருந்து வந்த சின்ன ஓட்டுடலி என்றால் அது புது இனமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் பழையதில் எதுவும் அது இல்லை என்று காட்டினால்தான் அது புதுசு. கப்பலில் மாதிரி எடுக்க இரண்டு வாரம் போதும். இதைக் காட்டுவதற்கு இரண்டு வருடம் பிடிக்கலாம். அந்த இரண்டு வருடத்தை எப்படிச் செலவழிப்பது என்றுதான் இங்கே எழுதப் போகிறேன். எனக்குப் பழக்கமான ஆம்ஃபிபாடை வைத்தே சொல்கிறேன். கரையில் ஒதுங்கிய பாசிக் குப்பையைக் காலால் புரட்டினால் பக்கவாட்டில் தட்டையான உடம்போடு துள்ளி ஓடுமே, அதன் சொந்தக்காரர்கள். இந்தக் கூட்டத்தில் ஹிரோண்டெல்லியா ஜிகாஸ் என்பது பசிபிக்கின் சேலஞ்சர் பள்ளத்தில், ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்தில்கூட இருக்கிறது. அலிசெல்லா ஜிகான்டியா முப்பது சென்டிமீட்டரையும் தாண்டும். ஆனால் உங்கள் மேசைக்கு வருவது பெரும்பாலும் அரிசி அளவில்தான் இருக்கும்.

முதலில் சந்தேகப்படுங்கள். கையில் இருப்பது குஞ்சா, ஆணா, பெண்ணா? இதைத் தீர்க்காமல் எழுதியவர்களின் தவறுகளைத் திருத்தியே பலருடைய ஆயுள் போயிருக்கிறது. 1828இல் ஒரு டால்பினின் குடலில் கிடைத்த கொம்பும் கவசமுமான விசித்திர உயிருக்கு செரடாஸ்பிஸ் மான்ஸ்ட்ரோசா என்று ஜான் எட்வர்ட் கிரே பெயர் வைத்தார். அதன் வளர்ந்த உருவத்தை 180 வருடத்துக்கு மேல் யாருமே பார்க்கவில்லை. 2012இல் டிஎன்ஏவை ஒப்பிட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அது ஒரு லார்வா. வளர்ந்தபின் அது பிளீசியோபெனியஸ் ஆர்மேட்டஸ் என்று எல்லோரும் அறிந்திருந்த ஆழ்கடல் இறால். ஒரே உயிர் இரண்டு பெயரோடு இருந்திருக்கிறது. மூத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்குப் பெயரியல் விதி. அதனால் குஞ்சுக்கு வைத்த பெயருக்குள் தாயும் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்னொரு ஓட்டுடலிக் கூட்டமான ஐசோபாட் பக்கம் மாக்ரோஸ்டைலிஸ் பேரினத்தைப் பாருங்கள். அதில் ஆணும் பெண்ணும் வேறு வேறு இனம் என்று நினைக்கும் அளவுக்கு மாறுபடும். ஒற்றை மாதிரியை வைத்துக்கொண்டு அவசரப்பட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். ஒன்றுதான் கிடைத்தது என்றால் எழுதக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. ஆனால் அது முதிர்ந்த உயிர் என்பதையாவது காட்டுங்கள். பெண்ணானால் வயிற்றடியில் முட்டைப் பை மடல்கள் வளர்ந்திருக்கும், அவற்றின் ஓரத்தில் மயிர் இருக்கும்.

தலைகீழாகவும் நடக்கும். துருவத்திலிருந்து துருவம் வரை பரவிய ஒரே இனம் என்று யூரிதினிஸ் கிரில்லஸை நெடுங்காலம் நம்பியிருந்தோம். அந்தப் பெயர் 1822ஆம் வருடத்தது. 2013இல் மரபணு ஆய்வு வந்தபோது ஒரு பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பது தெரிந்தது. 2015இல் அதிலிருந்து மூன்றுக்குப் புதுப் பெயர் கிடைத்தது. அதில் ஒன்று யூரிதினிஸ் அந்தகாரே. நாம் அந்தகாரம் என்று எழுதுகிறோமே, அதே வடசொல்தான். ஆகவே "இது தெரிஞ்ச இனம்தான்" என்று தூக்கிப் போடுவதும் ஆபத்து.

பழையதைப் பார்ப்பது என்றால் இணையத்தில் நாலு கட்டுரை தேடுவது இல்லை. பேரினம் வரை போக பார்னர்டும் கரமானும் 1991இல் வெளியிட்ட பெரிய தொகுப்பு இன்றும் மேசையில் இருக்க வேண்டிய புத்தகம். அதற்கும் பின்னால் போனால் 1872இலிருந்து 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய சேலஞ்சர் கப்பலின் ஆம்ஃபிபாடுகளைப் பற்றி ஸ்டெப்பிங் 1888இல் எழுதிய அறிக்கை. அந்தப் படங்களைப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். நம்மிடம் இருக்கும் கருவிகளில் பாதிகூட இல்லாத மனிதர் வரைந்தது. இவற்றில் பலவும் பல்லுயிர் மரபு நூலகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் பேரினத்தில் இதுவரை பெயர் பெற்ற ஒவ்வொரு சிற்றினத்தின் முதல் விவரணையையும் தரவிறக்கி ஒரு அட்டவணை போடுங்கள். பிரெஞ்சிலோ ரஷ்ய மொழியிலோ இருந்தாலும் விடாதீர்கள். படம் எல்லா மொழியிலும் பேசும். பழைய படம் போதாவிட்டால் அருங்காட்சியகத்துக்கு எழுதி மூல மாதிரியின் புகைப்படம் கேளுங்கள். பெரும்பாலும் அனுப்புவார்கள்.

மாதிரியைக் கையாள்வது பற்றி, முதல் நாளே செய்யவேண்டியதை மட்டும் சொல்கிறேன். நிறம் இருக்கும்போதே, கப்பல் தளத்திலேயே படம் எடுங்கள். யூரிதினிஸின் சிவப்பு ஆல்கஹாலில் நிற்காது. டிஎன்ஏ வேண்டுமானால் ஃபார்மலின் கூடாது. குளிர்ந்த 96 சதவீத எத்தனாலில் போட்டு, மறுநாள் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். உடம்பின் தண்ணீர் கலந்து முதல் ஊற்று நீர்த்துப்போயிருக்கும். ஆனால் அடர் எத்தனாலில் கால்கள் மொறுமொறுவென்று உடையும். நிறைய மாதிரி இருந்தால் சிலவற்றை உருவ ஆய்வுக்கென்று தனியே நீர்த்த ஆல்கஹாலில் வையுங்கள். லேபிளைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளே போடுங்கள். ஜெல் பேனாவில் அழகாக எழுதிய ஒரு பயணத்து லேபிள்கள் முழுவதும் நீல நீராகக் கரைந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த உயிர்கள் எந்தக் கடலிலிருந்து வந்தவை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஆழத்தை எழுதும்போதும் கவனம் வேண்டும். வாய் மூடாத வலை மேலே ஏறி வரும் வழியெல்லாம் நடுக்கடல் உயிர்களையும் வாரிக்கொண்டுதான் வரும். வலையின் வகையையும், தொடங்கிய ஆழத்தையும் முடித்த ஆழத்தையும் சேர்த்தே எழுதுங்கள். இரை வைத்த பொறி என்றால் இந்தச் சிக்கல் குறைவு.

இனி மேசைக்கு வருவோம். இங்கேதான் அதிக நேரம் போகும், போகவும் வேண்டும்.

பிரிப்பதற்கு முன் முழு உயிரையும் பக்கவாட்டில் வரைந்துவிடுங்கள். நீளத்தை நேர்கோட்டில் அளக்காதீர்கள். கூன் விழுந்த உடம்பு அது. தலை முனையிலிருந்து வால் நுனி மடலான டெல்சன் வரை முதுகு வளைவோடு போய் அளக்க வேண்டும். அப்புறம் கிளிசரின் சொட்டில் வைத்து, கூராக்கிய டங்ஸ்டன் ஊசியால் ஒரு பக்கத்து உறுப்புகளை மட்டும் எடுங்கள். மறுபக்கம் தொடாமல் இருக்கட்டும், நாளைக்கு வேறொருவர் சரிபார்க்க அது வேண்டும். தாடை மட்டும் இதற்கு விலக்கு. இடது தாடையும் வலது தாடையும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றாக இருக்காது. வெட்டுப் பல்லுக்குப் பின்னால் லசினியா மொபிலிஸ் என்று அசையும் சிறு பல் உண்டு. அது இரண்டு பக்கமும் வேறு வேறு வடிவத்தில் இருக்கும். சில குழுக்களில் வலது பக்கம் இல்லவே இருக்காது. ஒன்றை மட்டும் வரைந்துவிட்டு "தாடை" என்று எழுதிய கட்டுரையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள். சிரிக்காதீர்கள். ஆறு மில்லிமீட்டர் உயிரின் இரண்டாம் மாக்ஸில்லாவை ஊசி முனையில் ஏந்தி ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்த ஸ்லைடுக்குக் கொண்டுபோகும் வழியில் நான் தொலைத்தது மே மாதத்து மதியம், மேலே ஃபேன் முழு வேகத்தில். அன்று மாலை வரை தரையில் டார்ச் அடித்துத் தேடினேன். விவரணையில் அந்த இடத்தில் "ஆராயப்படவில்லை" என்று எழுத வேண்டியதாயிற்று.

கேமரா லூசிடாவில் பென்சிலால் வரைந்து, பிறகு கணினியில் டேப்லெட் பேனாவால் மை ஏற்றுவதுதான் இப்போது வழக்கம். மயிர் உடைந்திருந்தால் அதன் குழியை மட்டும் வரையுங்கள், மயிரை ஊகித்துச் சேர்க்க வேண்டாம். எந்த உறுப்பு எந்த மாதிரியிலிருந்து என்பதைப் படக்குறிப்பில் எழுதுங்கள். வார்த்தையில் எழுதும்போது "நீளமான", "அகன்ற" எல்லாம் வேண்டாம். எதைவிட நீளம்? "அகலத்தைப் போல் 1.4 மடங்கு நீளம், நீளத்தில் பாதிவரை பிளவு" என்று எழுதினால்தான் அடுத்தவரால் தன் மாதிரியோடு வைத்துப் பார்க்க முடியும். தலை முதல் வால்வரை எழுதுவது விவரணை. இந்த இனத்தை மற்றவற்றிலிருந்து பிரிக்கும் நாலைந்து அடையாளங்களை மட்டும் பொறுக்கிச் சொல்வது வேறுபாட்டுக் குறிப்பு. மாணவர்கள் முதலாவதைப் பத்துப் பக்கம் எழுதிவிட்டு இரண்டாவதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். கட்டுரையின் உயிர் அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. விதியும் அதைத்தான் கேட்கிறது: வேறுபடுத்தும் பண்புகள் சொற்களில் இருக்க வேண்டும், வெறும் படம் போதாது.

டிஎன்ஏ? எடுங்கள், கட்டாயம் எடுங்கள். சிஓஐ மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துத் துண்டு பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனால் "மூன்று சதவீத வித்தியாசம், ஆகவே புது இனம்" என்பது வாய்வழி மந்திரம், சட்டம் இல்லை. சிலி கடலோரத்து அட்டகாமா அகழியில் 7,902 மீட்டர் ஆழத்திலிருந்து வந்து 2024இல் பெயர் பெற்ற டல்சிபெல்லா கமன்சாகாவை மாதிரியாகப் பாருங்கள். கிடைத்தது நான்கே உயிர்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாலு சென்டிமீட்டர். இரையைப் பிடிக்கத் தோதான முன்கால்கள். உருவம் சொன்னதும் டிஎன்ஏ சொன்னதும் ஒத்துப்போன பிறகுதான் புதுப் பேரினம் என்றே அறிவித்தார்கள். இரண்டு சாட்சியும் ஒத்துப்போகாவிட்டால் காத்திருங்கள்.

பெயர் வைப்பதில் எல்லோருக்கும் ஆசை அதிகம், விதியைப் படிப்பதில் குறைவு. 1999க்குப் பிறகு வெளியாகும் எந்தச் சிற்றினப் பெயரும் செல்ல, ஒரு மூல மாதிரியை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும், அது எந்தச் சேகரிப்பில் எந்த ஊரில் இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால், விலங்குப் பெயர்களின் பதிவேடான ஜூபேங்க்கில் பதிவு முன்கூட்டியே முடிந்து, அதற்கான சான்றும் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். இதழ் செய்துவிடும் என்று நம்பி உட்காராமல் நீங்களே சரிபாருங்கள். கட்டுரை வெளிவரும்வரை ஆய்வேட்டிலும் மாநாட்டுச் சுருக்கத்திலும் பெயரை எழுதாதீர்கள். நிருபரிடமும் சொல்லாதீர்கள்.

என்ன பெயர் வைக்கலாம் என்பதில் விதி தாராளம். மரியானா அகழியில் 6,010 மீட்டரிலிருந்து 6,949 மீட்டர் வரை கிடைத்த இனத்தின் ஓர் இளம் உயிருக்குள் பெட் பிளாஸ்டிக் இழை இருந்ததால் 2020இல் யூரிதினிஸ் பிளாஸ்டிகஸ் என்றே வைத்தார்கள். அதே வருடம் பசிபிக்கில் மாங்கனீசு உருண்டைகள் கிடக்கும் பகுதியிலிருந்து வந்த ஓர் ஐசோபாடுக்கு மெட்டாலிகா இசைக்குழுவின் நினைவாக மாக்ரோஸ்டைலிஸ் மெட்டாலிகோலா. உங்கள் சொந்தப் பெயரை வைக்க விதி தடை சொல்லவில்லை, ஆனால் ஊர் சிரிக்கும். உங்கள் ஆசிரியரின் பெயரை வைப்பதாக இருந்தால் ஆணுக்கு ஐ விகுதி, பெண்ணுக்கு ஏஇ விகுதி. இதில் தவறியவர்கள் நிறைய. தமிழ்ச் சொல் வைக்க விரும்பினால் வையுங்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் ரோமன் எழுத்தின் இருபத்தாறுக்குள்தான் எழுத வேண்டும், மேலே கோடு கீழே புள்ளி எதுவும் கூடாது. "ஆழி" என்று வைப்பதானால் முதலில் ஒரு ஏயா இரண்டு ஏயா, ழகரத்துக்கு இசட் ஹெச்சா வெறும் எல்லா என்று வீட்டில் சண்டை போட்டு முடிவு செய்துகொண்டு அச்சுக்குக் கொடுங்கள். அச்சான பிறகு "இப்படி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்பதற்காக மாற்ற முடியாது. பெயர்ச்சொல்லாக அப்படியே வைத்தேன் என்று ஒரு வரி எழுதிவிட்டால், பேரினத்தின் பாலுக்கேற்ப விகுதி மாற்றும் தொல்லையும் இல்லை.

மாதிரியை உங்கள் துறை அலமாரியில் வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். நீங்கள் போனபின் அந்த அலமாரியை யார் திறப்பார்கள்? இந்தியாவில் கிடைத்ததென்றால் ஆசைக்கே இடமில்லை. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி புதிய இனத்தை அதற்கென்று அறிவித்த காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். கொல்கத்தாவில் 1916இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படிப்பட்டது. ஒப்படைத்துப் பதிவு எண் வாங்கிய பிறகு கட்டுரையை அனுப்புங்கள். "எண் பின்னர் தரப்படும்" என்று அச்சாகிப் பின்னர் வராமலே போன கட்டுரைகள் எனக்குப் பல தெரியும். வெளிநாட்டு நிபுணருக்கு மாதிரி அனுப்புவதாக இருந்தாலும் முதலில் அனுமதி பற்றி விசாரியுங்கள்.

படம் அனுப்புகிறவர்களுக்கு: அடுத்த முறை நாணயம் வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் அளவுகோல் போதும். பக்கவாட்டில் ஒன்று, இரண்டு முன்கால்களும் தனித்தனியே, டெல்சன் மேலிருந்து ஒன்று, ஏழாவது காலின் அடிக்கணு முழுதாகத் தெரிகிற மாதிரி ஒன்று. கூடவே எந்தெந்த இனங்களோடு ஒப்பிட்டீர்கள் என்ற அந்த அட்டவணை. அதை முதலில் பார்த்துவிட்டுத்தான் படத்தைத் திறப்பேன்.