தன்மை வினாவில் பணிவு: ஆங்கிலத்தில் அனுமதி கேட்கும் முறை

'உள்ளே வரலாமா', 'கதவைச் சாத்தட்டுமா', 'நாளை வர வேண்டுமா' என வினவுபவர் தம் செயலைக் குறித்துத் தாமே எழுப்பும் கேள்வியைத் தன்மை வினா எனலாம். இதில் செயல் வினவுபவருடையது, முடிவோ எதிரில் இருப்பவருடையது. பிறர் கையில் உள்ள முடிவைக் கேட்டுப் பெற வேண்டியிருப்பதால் இவ்வினாவுக்குப் பணிவு தேவைப்படுகிறது. ஆங்கிலம் அப்பணிவைப் பெரும்பாலும் கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வுட் ஆகிய துணைவினைகளின் மேல் ஏற்றி வைத்திருக்கிறது. ஒரு செயல் நடந்ததைச் சொல்லாமல், அது இயலுமா, தகுமா, ஒப்புதலுக்கு உரியதா என்னும் நோக்கை உணர்த்துவதால் இவை வினைநோக்குத் துணைவினைகள் எனப்படுகின்றன. பள்ளிப் பாடநூல்களில் 'மோடல்ஸ்' என்ற பெயரே பழக்கம். (இங்கு 'குட்' என எழுதப்படுவது 'கேன்' என்பதன் இறந்தகால வடிவமே அன்றி 'நல்ல' என்னும் பொருளுடைய சொல் அன்று.)

தமிழ் பேசுவோருக்கு இந்த ஏற்பாடு எளிதில் கைவராததற்குக் காரணம், தமிழ் மரியாதையை வேறோர் இடத்தில் வைத்திருப்பதே ஆகும். 'வா' என்பதும் 'வாருங்கள்' என்பதும் எதிரில் இருப்பவர் யார் என்பதை வினைமுற்றிலேயே காட்டிவிடுகின்றன. தன்மை வினாவிலோ அந்த வசதி இல்லை, 'வரலாமா' என்பது சிறுவனிடம் கேட்கப்பட்டதா முதியவரிடம் கேட்கப்பட்டதா என்பதை அச்சொல் தெரிவிப்பதில்லை. அக்குறையை 'ஐயா', 'அம்மா', 'சார்' போன்ற விளிகள் நிரப்புகின்றன. கொங்கு வட்டாரப் பேச்சிலோ 'வரலாங்களா' என்று வினாவுக்குள்ளேயே 'ங்க' நுழைந்து, எதிரில் இருப்பவருக்குரிய மரியாதையைத் தன்மை வினாவிலும் காட்டிவிடுகிறது. கேட்போரின் நிலைக்கேற்பச் சொல்லைத் தேர்வது தமிழுக்குப் புதியதும் அன்று. இழிந்தோர் 'ஈ' என்றும், ஒத்தோர் 'தா' என்றும், உயர்ந்தோர் 'கொடு' என்றும் கேட்பர் எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரமே வகுத்துள்ளது.

ஆங்கிலத்தில் முன்னிலைக்கு 'யூ' என்ற ஒரே சொல்தான் உண்டு. வினைமுற்றிலும் மரியாதை விகுதி இல்லை. ஆகவே 'சார்' என்ற விளியைச் சேர்த்தால் பணிவு வந்துவிடும் என்று எண்ணி 'ஐ வான்ட் லீவ் டுமாரோ, சார்' என்று கேட்பவர், விளியில் வணங்கி வினையில் அதட்டுகிறார். 'குட் ஐ டேக் டுமாரோ ஆஃப்?' என்பதில் விளியே இல்லை. ஆயினும் முடிவு மேலாளருடையது என்பதை முதற்சொல்லே ஒப்புக்கொண்டுவிடுவதால் அது பணிவாக ஒலிக்கிறது.

பயிற்சியில் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, தமிழ் விகுதியை அப்படியே பெயர்க்கக் கூடாது என்பது. 'லாமா' என்னும் முடிவு அனுமதி கேட்கவும் பயன்படும், உடன் அழைக்கவும் பயன்படும். 'நான் போகலாமா' என்பதற்கு 'மே ஐ கோ' என்றும், 'நாம் போகலாமா' என்பதற்கு 'ஷல் வீ கோ' என்றும் ஆங்கிலம் பிரித்துச் சொல்லும். 'ட்டுமா' என்னும் முடிவும் அவ்வாறே இருவழிப்பட்டது. அலுவலகத்தில் வேலை முடிந்து மேலாளரிடம் 'நான் கிளம்பட்டுமா' என்ற நினைவில் 'ஷல் ஐ கோ நவ்?' என்று ஒருவர் கேட்டால், அது விடைபெறும் கேள்வியாக ஒலிப்பதைவிட, 'நான் போய்விடுவதுதான் உங்களுக்கு விருப்பமா' என்பதுபோல் ஒலிக்கக்கூடும். அங்கே 'மே ஐ லீவ் நவ்?' என்பதோ 'இஸ் இட் ஆல் ரைட் இஃப் ஐ லீவ் நவ்?' என்பதோ பொருந்தும். அதே மேலாளர் கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது 'ஷல் ஐ கேரி தட்?' என்று கேட்பது மிகவும் பொருத்தமானது, ஏனெனில் 'ஷல் ஐ' என்பதன் முதன்மையான வேலை உதவ முன்வருவது.

'வேண்டுமா' என்பதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. 'சான்றிதழ்களைக் கொண்டுவர வேண்டுமா' என்பதை 'மஸ்ட் ஐ பிரிங் தி சர்ட்டிஃபிகேட்ஸ்?' என்று கேட்டால், 'கட்டாயம் கொண்டுவந்துதான் ஆக வேண்டுமா' என்ற சலிப்பு அதில் தொனிக்கும். அறிவுரை கேட்கும் பணிவுக்கு 'ஷுட் ஐ', தேவையை மட்டும் அறிய 'டூ ஐ நீட் டு' என்று தொடங்குவது நன்று. அமெரிக்க ஆங்கிலத்தில் 'ஷல் ஐ' அருகியே வழங்குவதால் உதவ முன்வரும்போதும் அங்கு 'ஷுட் ஐ' என்பதே இயல்பு. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அதே இடத்தில் 'வில் ஐ' என்பது பேச்சுவழக்கு. மற்ற இடங்களில் 'வரட்டுமா' என்ற பொருளில் 'வில் ஐ கம்?' என்பது, தன் வருகையைத் தானே ஊகிக்கும் விந்தையான கேள்வியாகிவிடும்.

அனுமதி வினாக்களுக்குள் படிநிலை உண்டு. நண்பரிடம் தொலைபேசி கேட்க 'கேன் ஐ யூஸ் யுவர் ஃபோன்?' போதும். அறிமுகம் குறைந்தவரிடம் 'குட் ஐ யூஸ் யுவர் ஃபோன்?' என்பது தக்கது. இது இறந்தகால வடிவமாயினும் இங்கே காலத்தைக் குறிப்பதில்லை, நிகழ்விலிருந்து ஓர் அடி விலகி நின்று கேட்பதாகிய தொலைவைக் குறிக்கிறது, அந்தத் தொலைவே மறுப்பதற்கு இடம் தருவதால் பணிவாகிறது. 'மே ஐ' முறைமை மிகுந்தது, நேர்காணலுக்கும் அவைக்கும் உரியது. 'மைட் ஐ' அதனினும் மென்மையானதாயினும் இன்றைய பேச்சில் பழமை தோன்ற ஒலிக்கும். 'கேன்' என்பது ஆற்றலை மட்டுமே குறிக்கும், அனுமதிக்கு 'மே' ஒன்றே சரி என்று வகுப்பறைகளில் வலியுறுத்தப்படுவதுண்டு. ஆனால் பழைய ஆங்கிலத்தில் 'மே' என்பதும் ஆற்றலைக் குறித்த சொல்லே, 'கேன்' என்பதோ அறிதலைக் குறித்தது. 'மே' சென்ற வழியிலேயே 'கேன்' பின்னர் அனுமதிக்கு வந்தது. ஆதலின் 'கேன் ஐ' என்பதைப் பிழை எனத் தள்ளுவதைவிட, நெருங்கியவரிடம் வழங்குவது எனக் கொள்வதே உண்மைக்கு அணுக்கமானது.

வடிவத்தில் இரண்டு இடங்கள் கவனத்துக்குரியவை. தமிழில் 'ஆ' என்னும் எழுத்து இறுதியில் ஒட்டினால் வாக்கியம் வினாவாகிவிடுவதால், 'ஐ கேன் சிட் ஹியர்?' என்று குரலை மட்டும் உயர்த்திக் கேட்கும் பழக்கம் பலரிடம் படிந்திருக்கிறது. ஆங்கில வினாவில் துணைவினை எழுவாய்க்கு முன் வந்து 'கேன் ஐ சிட் ஹியர்?' என்றாக வேண்டும். மாறாக, இன்னும் பணிவான நீண்ட வடிவங்களில் வினா வேறொரு தொடருக்குள் அடங்கிவிடுவதால் இந்த இடமாற்றம் நேர்வதில்லை: 'டூ யூ திங்க் ஐ குட் லீவ் அர்லி?', 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் ஐ குட் லீவ் அர்லி' ஆகியவற்றில் 'ஐ குட்' என்ற வரிசையே சரி, 'குட் ஐ' என்று திருப்பினால் பிழை.

விடையிலும் பொறி உண்டு. 'குட் ஐ' என்று கேட்டவருக்கு 'யெஸ், யூ கேன்' என்பதே விடை, 'யூ குட்' அன்று. விலகி நின்று கேட்கும் தயக்கம் கேட்பவருக்கு உரியது, தருபவருக்கு அது தேவையில்லை. 'வுட் யூ மைண்ட் இஃப் ஐ ஓபன்ட் தி விண்டோ?' என்பது 'சன்னலைத் திறந்தால் உங்களுக்கு இடையூறா' என்னும் பொருளுடையதாகையால், இசைவு தெரிவிப்பவர் 'நோ, நாட் அட் ஆல்' என்கிறார். அந்த 'நோ' காதில் விழுந்ததும் மறுப்பு என எண்ணிச் சன்னலைத் தொடாமல் உட்கார்ந்துவிடக் கூடாது.

எந்தப் படியை எங்கே கையாள்வது என்பதற்கு, பெனலபி பிரௌன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோர் 1987இல் நூலாக வெளியிட்ட பணிவுக் கோட்பாடு நல்ல அளவுகோல் தருகிறது. ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால் மொழி, கோவை மாவட்டக் கிராமம் ஒன்றின் தமிழ் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு எழுந்த அந்த ஆய்வு, பணிவின் அளவை மூன்று தீர்மானிப்பதாகக் கூறும்: இருவருக்கிடையே உள்ள அதிகார வேறுபாடு, பழக்கத்தின் தொலைவு, கேட்கப்படும் பொருளின் சுமை. இதன்படி, பேனா கேட்க 'ஐ வாஸ் வொண்டரிங்' என்று சுற்றி வளைத்தால் அது கேலியாகத் தோன்றும். ஒரு மாத விடுப்பை 'கேன் ஐ' என்று கேட்டால் அலட்சியமாகத் தோன்றும்.

ஆதலின் வாய் திறக்கும்முன், முடிவு யாருடையது, கேட்பது எவ்வளவு பெரியது என்ற இரண்டையும் எண்ணிப் பார்ப்பது பயில்வோருக்குப் போதுமானது. ஐயம் எழும் இடத்தில் 'குட் ஐ' என்று தொடங்கி 'ப்ளீஸ்' என்று முடிப்பவர், கடையிலும் அலுவலகத்திலும் பெரும்பாலும் தவறுவதில்லை.