வளைந்து கொடுக்கும் எஃகு

உடுமலைப்பேட்டையில் புதிய வீடு எழும்பும் தெருவில் நின்று பாருங்கள். பலகையில் முளைகளை அடித்து, அவற்றின் இடையே கம்பியைக் கொடுத்து, ஒரு தொழிலாளி அதைச் சதுர வளையமாக மடக்கிக்கொண்டிருப்பார். ‘கட்டடத்தைத் தாங்கப் போகும் கம்பி இப்படி வளைகிறதே! வளையாத கம்பியாக இருந்தால் இன்னும் நல்லதல்லவா?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். உண்மை இதற்கு நேர் எதிரானது. வளைவதால்தான் அக்கம்பி நம் உயிரைக் காக்கிறது. எப்படி என்று காண்போம்.

முதலில் ஒரு சிறு சோதனை. ஒரு சாக்பீஸையும் ஒரு மெல்லிய இரும்புக் கம்பித் துண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாக்பீஸை வளைக்க முயலுங்கள். எவ்வித அறிகுறியும் காட்டாமல் பட்டென்று முறிகிறது. கம்பியைச் சிறிது வளைத்து விடுங்கள். பழைய நிலைக்கே திரும்புகிறது. நன்றாக வளைத்தால் வளைந்தபடியே நிற்கிறது, ஆனால் உடையவில்லை. இப்போது அதே இடத்தில் முன்னும் பின்னுமாக விரைவாகச் சிலமுறை வளைத்து, மெல்லத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதல்லவா? நீங்கள் செலவிட்ட ஆற்றலைக் கம்பி ஏற்று வெப்பமாக மாற்றிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட் சாக்பீஸின் இனத்தைச் சேர்ந்தது. அமுக்கினால் நன்கு தாங்கும்; இழுத்தால் எளிதில் விரிசல் விடும். அந்த இழுவிசையை ஏற்கவே அதனுள் எஃகுக் கம்பிகளைப் பதிக்கிறோம்.

கம்பியின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்போமா? கடைகளில் ‘500’ என்ற எண்ணுடன் விற்கப்படும் கம்பி, ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் 500 நியூட்டன் இழுவிசை வரை மீட்சியுடன் தாங்கும். 12 மி.மீ. விட்டமுள்ள கம்பியின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 113 சதுர மி.மீ. எனவே அது 56,500 நியூட்டன் தாங்கும். அதாவது சுமார் 5,700 கிலோ எடை! ஆனைமலைக் காட்டின் ஆண் யானை ஒன்றைத் தொங்கவிட விரல் பருமனுள்ள இக்கம்பி போதும்.

ஆனால் வலிமை கதையின் பாதிதான். அந்த எல்லையைத் தொடும்போது, 60 மி.மீ. நீளத் துண்டு வெறும் 0.15 மி.மீ. அளவே நீண்டிருக்கும். அதற்கு மேலும் இழுத்தால் அறுந்துவிடுமா? இல்லை. ‘500 டி’ வகைக் கம்பி அறுபடுமுன் குறைந்தது 16 விழுக்காடு நீள வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அதாவது 60 மி.மீ. துண்டு ஏறத்தாழ 70 மி.மீ. ஆகும் வரை பொறுத்திருக்கும். இப்பண்பையே நீளும் தன்மை என்கிறோம்.

இத்தன்மை எப்போது கைகொடுக்கும்? நிலம் நடுங்கும்போது! நம் பகுதியில் நிலநடுக்கம் ஏது என்று எண்ண வேண்டாம். 1900 பிப்ரவரி 8 அன்று கோயமுத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 ரிக்டர் அளவில் ஒரு நிலநடுக்கம் ஏற்பட்டது. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அது உணரப்பட்டது. பின்னர் 2002இல் வெளியான இந்தியத் தர விதி, கோயமுத்தூரை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் சேர்த்தது.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதன் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில்கூடப் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்து மக்கள் மாண்டனர். அகமதாபாத்தும் அப்போது மூன்றாம் மண்டலத்து நகரமாகவே இருந்தது. அங்கு விழுந்த கட்டடங்களிலும் கம்பி இருந்தது. ஆனால் பல தூண்களில் அது நீண்டு வளைந்து ஆற்றலை ஏற்கும்படி கட்டப்படவில்லை. ஆகவே அவை சாக்பீஸைப் போல முறிந்தன.

இப்போது தொழிலாளி மடக்கிய வளையத்துக்குத் திரும்புவோம். தூணின் நெடுக்குக் கம்பிகள் ஆட்டத்தில் வெளிப்பக்கமாகப் பிதுங்கப் பார்க்கும். அவற்றை இறுகப் பிடித்திருப்பது அந்த ‘ரிங்’தான். அதன் முனைகளை 90 பாகை மட்டும் மடக்கியிருந்தால், மேற்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்தவுடன் வளையம் விரிந்துவிடும். 135 பாகை மடக்கினால் முனைகள் தூணின் உட்பகுதியில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். 13920 என்ற எண்ணுள்ள இந்தியத் தர விதி இதையே வற்புறுத்துகிறது. 45 பாகை வேறுபாடு. அதில் ஒரு குடும்பத்தின் உயிர் அடங்கியிருக்கலாம்!

எஃகுக்கு வலிமையும் நீளும் தன்மையும் ஒருங்கே எப்படி வந்தன? நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இரும்பை உருக்கிய உலைகள் அகழாய்வில் கிடைத்துள்ளன. பழந்தமிழகத்தின் புகழ்பெற்ற உருக்கில் கார்பன் 1 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. கார்பன் மிகுந்தால் எஃகு கடினமாகும். வாளுக்கு அது ஏற்றது. ஆனால் நீளும் தன்மை குறைந்துவிடும். எனவே ‘500 டி’ கம்பியில் கார்பன் 0.25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

குறைந்த கார்பனால் இழக்கும் வலிமையை வேறு வழியில் ஈட்டுகிறார்கள். ஆலையில் செக்கச் சிவந்து வெளிவரும் கம்பியின்மீது தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். கொல்லர் அரிவாளைத் தண்ணீரில் தோய்ப்பது போன்றதே இது. மேற்பரப்பு குளிர்ந்து கடினமாகிறது. உள்ளிருக்கும் வெப்பம் பின்னர் வெளியே பரவி, மேற்பரப்பின் நொறுங்கும் தன்மையைக் குறைக்கிறது. உட்பகுதி மெதுவாகக் குளிர்ந்து மென்மையாகவே இருக்கிறது. வெளியே வலிமை, உள்ளே நெகிழ்ச்சி!

அடுத்த முறை உங்கள் தெருவில் தூண் எழும்பும்போது, கான்கிரீட் போடுமுன் அருகே சென்று, பெரியவர்களின் அனுமதியுடன் இரண்டைக் கவனியுங்கள். கம்பியில் பொறித்துள்ள எண் என்ன? ரிங்கின் முனைகள் உள்நோக்கி மடங்கியுள்ளனவா? கான்கிரீட் மூடிய பின்னர் இவற்றை எவரும் பார்க்க முடியாது.