வதந்தி என்னும் சொல்

நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் 'வதந்தி' என்பதும் ஒன்று. பொய்ச் செய்தி என்பதே அதன் பொருளெனப் பலர் எண்ணுகின்றனர். சொல்லின் வேரோ வேறு. கலூரில் நம் அண்டை வீட்டு மலையாளத்தார் இதனைக் 'கிம்வதந்தி' என்பர். வடமொழியில் 'கிம்' என்றால் 'என்ன'. 'வதந்தி' என்றால் 'சொல்லுகிறார்கள்'. ஆகவே, கண்டவர் இன்னார் என்று தெரியாமல் உலவும் பேச்சே வதந்தியாகும். அது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம்.

தமிழில் இதற்கென்றே 'ஆம்' என்னும் சிறு சொல் உண்டு. 'வந்தான்' என்பது கண்டவன் கூற்று. 'வந்தானாம்' என்பது கேட்டவன் கூற்று. அந்த 'ஆம்' உதிரும்போதே கேடு பிறக்கிறது.

நாம் பஞ்சாலையில் உழைத்த நாளில், 'ஆலையை மூடப்போகிறார்களாம்' என்று ஒருவர் காலையில் கூறினார். மாலைக்குள் அது 'மூடப்போகிறார்கள்' என்றாயிற்று. அவ்வாறு மாற்றிச் சொன்னவருள் நாமும் ஒருவர். அதனை நம்பி ஒரு தோழர் வேலையை விட்டு ஊர் சென்றார். ஆலையோ மூடப்படவில்லை, அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கவுமில்லை.

2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சன்னல் கண்ணாடிகளில் காணப்பட்ட கறுப்பு ஒட்டுத்தாள்கள் பிள்ளை பிடிப்போர் இட்ட அடையாளமென்று கேரளமெங்கும் பேச்சுப் பரவிற்று. கண்ணாடிகள் ஒன்றோடொன்று உராயாதிருக்கக் கடைக்காரர் ஒட்டுவனவே அவை. அதற்குள் இரவலரும் வெளிமாநிலத் தொழிலாளரும் அடிபட்டனர். அவ்வாண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவர் பிள்ளை பிடிப்பவரெனக் கருதப்பட்டு அடித்தே கொல்லப்பட்டார். வதந்தி எப்போதும் வேற்றூரார்மீதே முதலில் விழுகின்றது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நாம் இதனை மறக்கலாகாது.

பகவன் புத்தர் கேசபுத்த நகரில் காலாமருக்கு உரைத்த அறவுரையில், எவற்றை மட்டும் கொண்டு ஒன்றை ஏற்கலாகாது என்பதற்குப் பத்தினை அடுக்கினார். அவற்றுள் ஒன்று 'இதிகிரா'. 'இப்படியாம்' என்பதே அப்பாலிச் சொல்லின் பொருள். நம் 'ஆம்' அங்கேயும் நிற்கக் காண்கிறோம்! தீங்கு தருவதென்று தாமே அறிந்ததை விடுக, நன்மை தருவதென்று தாமே அறிந்ததைக் கொள்க என்பதே அவர் காட்டிய வழி.

ஆதலின், ஒரு செய்தி நம் காதுக்கு எட்டினால் மூன்று கேள்விகள் கேட்போம்: கண்டவர் யார்? இதனால் துன்புறுபவர் யார்? நாம் சொல்லாவிடில் குறைவதென்ன? விடை கிடையாதாயின், அச்செய்தி நம்மோடு நிற்கட்டும். சொல்லியே தீரவேண்டுமாயின், 'ஆம்' என்னும் சொல்லை உதிர்க்காமல் சொல்வோம். பொய்யுரையாமை என்னும் சீலம் அதையும் உட்கொண்டதே.