வலியைச் சொல்லும் நரம்பும் அதனை மௌனிக்கச் செய்யும் வெப்பமும்

வலி என்பது உடல் எமக்குத் தரும் எச்சரிக்கையாகும். சூடான சட்டியில் விரல் பட்டதும் கையை இழுத்துக்கொள்வது அதனால்தான். காயம் ஆறியதும் இவ்வெச்சரிக்கை ஓய்ந்துவிட வேண்டும். ஆனால் சிலருக்கு அது ஓய்வதில்லை. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கின்ற அல்லது திரும்பத் திரும்ப வருகின்ற வலியை நாட்பட்ட வலி என மருத்துவ உலகம் வகைப்படுத்துகின்றது. அத்தகைய வலிக்கு அளிக்கப்படும் ரேடியோ மீடிறன் வெப்பச் சிகிச்சை பற்றி இங்கு நோக்குவோம்.

எனது உம்மும்மாவின் முதுகு வலிக்கு இச்சிகிச்சை பொருந்தலாம் என்று வைத்தியர் கூறியபோது வீட்டில் முதலில் எழுந்தது, "நரம்பச் சுட்டா கால் வழங்காமப் போயிடாதா?" என்ற கேள்விதான். உயர்தரத்தில் உயிரியல் பயில்பவள் என்பதால் அக்கேள்வி என்னிடமும் வந்தது. நான் படித்தும் வைத்தியரிடம் கேட்டும் அறிந்தவற்றை ஒழுங்குபடுத்தித் தருகின்றேன்.

எந்த நரம்பு?

எமது முள்ளந்தண்டில் அடுத்தடுத்த முள்ளென்புகள் பின்புறத்தில் இடமும் வலமுமாக இரு சிறு மூட்டுகளால் இணைந்துள்ளன. வயது செல்லச் செல்ல இம்மூட்டுகளில் உள்ள கசியிழையம் தேய்வதால் வலி ஏற்படலாம். அவ்வலியை மூளைக்கு எடுத்துச் செல்பவை மிக மெல்லிய நரம்புக் கிளைகளாகும். கால்களை இயக்கும் பெரிய நரம்புகள் இவற்றிலிருந்து வேறானவை. சிகிச்சை அச்சிறு கிளைகளுக்கு மட்டுமே அளிக்கப்படுகின்றது. அத்துடன், சூடாக்குவதற்கு முன்னர் ஊசியின் வழியே மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்ப்பார்கள். கால் தசை துடித்தால் ஊசி பெரிய நரம்புக்கு அருகில் உள்ளது என்பது தெரிந்துவிடும். உடனே அதன் இடத்தை மாற்றுவார்கள்.

வெப்பம் எவ்வாறு உண்டாகின்றது?

எமது வீட்டு மின்னோட்டம் ஒரு செக்கனுக்கு 50 தடவை அலைகின்றது. அது நரம்பையும் தசையையும் இதயத்தையும் தூண்டுவதால் ஆபத்தானது. இச்சிகிச்சையில் பயன்படும் மின்னோட்டமோ செக்கனுக்கு ஏறத்தாழ 500,000 தடவை அலைகின்றது. அவ்வேகத்துக்கு நரம்பும் தசையும் ஈடுகொடுத்துத் தூண்டப்படுவதில்லை. அதற்குப் பதிலாக இழையத்தில் உள்ள அயன்கள் முன்னும் பின்னும் அசைந்து உராய, வெப்பம் பிறக்கின்றது. ஆகவே இது பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுடுவது அன்று. இழையமே சூடாகி ஊசி முனையையும் சூடாக்குகின்றது.

ஊசியின் முனை தவிர்ந்த பகுதி மின் காவலியால் மூடப்பட்டுள்ளது. சுற்றைப் பூர்த்தி செய்ய உடலின் வேறோர் இடத்தில் அகன்ற தகடொன்று ஒட்டப்படும். இரண்டிலும் ஒரே மின்னோட்டம்தான் பாய்கின்றது. எனினும் முனையின் பரப்பு சிறியது என்பதால் அங்கு மட்டுமே வெப்பம் மிகுகின்றது. பொதுவாக 80 பாகை செல்சியஸ் அளவில் 60 முதல் 90 செக்கன்கள் வரை வெப்பம் பேணப்படும். கொதிநீரில் முட்டையின் வெண்கரு உறைவதைப் போன்று நரம்பு நாரின் புரதங்களும் இயல்பழிகின்றன. அதன்பின் அந்நாரால் வலிச் செய்தியைக் கடத்த முடியாது.

பெரும்பாலும் உணர்விழக்கச் செய்யாமல், தோலை மாத்திரம் விறைக்கச் செய்து, எக்ஸ் கதிர்ப் படத்தைப் பார்த்தபடியே ஊசியைச் செலுத்துவார்கள். அநேகமானோர் அன்றே வீடு திரும்பலாம். சில நாட்களுக்கு ஊசி போட்ட இடத்தில் நோவு இருக்கும். முழுப்பயன் தெரிய ஓரிரு வாரங்கள் செல்லலாம்.

முதலில் ஒரு பரீட்சை

இச்சிகிச்சையின் உயிர்நாடி இதற்கு முன்னர் செய்யப்படும் பரீட்சைதான். படங்களில் மூட்டுத் தேய்வு தெரிவதால் மட்டும் வலியின் மூலம் அதுவே என்று முடிவு செய்ய முடியாது. வலியே இல்லாதவர்களின் படங்களிலும் தேய்வு தெரிவதுண்டு. எனவே சந்தேகத்துக்குரிய நரம்பின் அருகே சில துளி விறைப்பு மருந்தைச் செலுத்துவார்கள். சில மணித்தியாலங்களுக்கு வலி நன்றாகக் குறைந்தால் மட்டுமே அந்நரம்பைச் சூடாக்குவதில் பயன் உண்டு.

உம்மும்மாவுக்கு இப்பரீட்சை செய்யப்பட்டது. வலி குறையவில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஏமாற்றம்தான். ஆனால் வலியின் மூலம் அம்மூட்டு அல்ல என்பது அன்று தெளிவாயிற்று. பயனற்ற ஒரு சிகிச்சையிலிருந்து அவர் தப்பினார். இப்போது வேறு காரணத்தைத் தேடுவதோடு உடற்பயிற்சிச் சிகிச்சையும் பெற்று வருகின்றார்.

இப்பரீட்சையின் அருமையை நெதர்லாந்தில் நடந்த ஆய்வுகளும் உணர்த்துகின்றன. 2017ஆம் ஆண்டு வெளியான அவற்றில் நாட்பட்ட முதுகு வலியுள்ள 681 பேர் பங்குபற்றினர். உடற்பயிற்சி மட்டும் செய்தோருக்கும், அதனுடன் இச்சிகிச்சையையும் பெற்றோருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நோயாளிகளைத் தெரிவு செய்த முறை போதுமான அளவு கண்டிப்பாக இருக்கவில்லை என்பது அவ்வாய்வுகள் மீது வைக்கப்பட்ட விமர்சனங்களில் ஒன்றாகும்.

நிரந்தரமானதா?

இல்லை. வெப்பம் நரம்பு நாரைத்தான் செயலிழக்கச் செய்கின்றது. நரம்புக் கலத்தின் உடல் அழிவதில்லை. ஆதலால் நார் மெல்ல மீண்டும் வளர்கின்றது. பயன் பெற்றோருக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையும், சிலருக்கு அதற்கு மேலும் ஆறுதல் கிடைக்கின்றது. வலி திரும்பினால் சிகிச்சையையும் திரும்பச் செய்யலாம். ஆனால் தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியே இருக்கும். வலி தணிந்திருக்கும் காலத்தில் நடந்து, பயிற்சி செய்து, முதுகுத் தசைகளைப் பலப்படுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பெற்றோருக்கும் மாணவியருக்கும் நான் கூற விரும்புவது இதுதான். வீட்டில் ஒருவருக்கு இச்சிகிச்சை முன்மொழியப்பட்டால் பயந்து மறுத்துவிடவும் வேண்டாம். மந்திரம் என நம்பிவிடவும் வேண்டாம். எந்த நரம்பு, பரீட்சை ஊசி போடப்படுமா, எவ்வளவு காலம் ஆறுதல் கிடைக்கும் என்ற மூன்று கேள்விகளையும் வைத்தியரிடம் கேளுங்கள். முதுகு வலியுடன் கால் பலமிழந்தாலோ, சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமற் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். "வயசாகிட்டா அப்படித்தான்" என்று சொல்லி வீட்டுப் பெரியவர்களின் வலியை ஒதுக்கிவிடாதீர்கள். எங்கே வலிக்கிறது, எப்போது கூடுகிறது என்று பக்கத்தில் அமர்ந்து கேட்டு எழுதிக்கொண்டு போனால், வைத்தியரின் வேலையில் பாதி இலகுவாகும்.