தேய்ப்பதற்கு முன் ஒரு காந்தம்

சக்கரத்தில் கறை தெரிந்ததும் கை தானாகப் பாலிஷைத் தேடும். ஜெர்மனியில் பைக்கைப் பராமரித்ததில் எனக்கு உறுதிப்பட்ட எண்ணம் இது: ரிம் மங்கிப்போவதில் கறையின் பங்கைவிட, என்ன உலோகம் என்று பாராமல் தேய்ப்பதன் பங்கு அதிகம். முதலில் ஒரு காந்தத்தை ரிம்மில் வைத்துப் பாருங்கள். கவ்விக்கொண்டால் குரோம் பூசிய இரும்பு. நழுவினால் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியத்தின் மேல் லாக்கர் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கண்ணில் படாத ஓரத்தில், வெள்ளைத் துணியில் துளி மெட்டல் பாலிஷ் தொட்டுத் தேய்த்தால் தெரிந்துவிடும். துணி கறுத்தால் வெற்று அலுமினியம். கறுக்காவிட்டால் நீங்கள் தேய்ப்பது லாக்கரை, கையை எடுத்துவிடுங்கள். அதற்கு ஷாம்பூவும் மென்மையான பிரஷும் போதும்.

குரோமில் தெரியும் பழுப்புப் புள்ளிகள் பல நேரம் உள்ளிருந்து வருபவை. அலங்கார குரோம் பொதுவாக ஒரு மைக்ரான் தடிமன்கூட இருக்காது. அடியில் நிக்கல், அதற்கும் அடியில் இரும்பு. நுண்ணிய வெடிப்புகள் வழியே உப்புநீர் இறங்கி, நிக்கலும் கைவிட்ட இடத்தில் துரு எட்டிப் பார்க்கிறது. ஜெர்மன் சாலைகளில் பனிக்காலத்தில் உப்பு தூவுகிறார்கள். ‘என் நம்பர் பிளேட்டில் 03–10 என்றுதானே இருக்கிறது, குளிர்காலத்தில் வண்டியை எடுப்பதே இல்லையே’ என்பார்கள். மார்ச் முதல் அக்டோபர் வரை மட்டும் ஓட்டலாம் என்னும், 1997 முதல் இருக்கும் இந்தப் பருவகாலப் பதிவு மார்ச்சில் உயிர்பெறும்போது, நல்ல மழை காணாத சாலையில் உப்பு இன்னும் கிடக்கும். முதல் ஓட்டம் முடிந்த அன்றே தண்ணீர் அடிப்பதுதான் மலிவான பாலிஷ். துரு வந்துவிட்டால், கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்க்கலாம். குரோமைவிட அது மிக மென்மையான உலோகம். பிறகு ஆட்டோசோல் போன்ற பாலிஷ் பசை, கடைசியாக மெழுகு. மெழுகு பூசாமல் விட்டால் புள்ளி அதே குழியில் திரும்ப முளைக்கும்.

குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிய கைக்கு இங்கேயும் அமிலம் நினைவுக்கு வரும். பித்தளையில் புளி வேலை செய்வது, செம்பின் ஆக்சைடை அது கரைப்பதால். வெற்று அலுமினியத்தில் ஆக்சைடுதான் காவல். அமிலம் அதை அரித்தால் ரிம் திட்டுத்திட்டாக வெளுக்கும். அடுப்புச் சுத்திகரிப்பானின் காரமும் அப்படியே, இன்னும் வேகமாக. பிரேக்கிலிருந்து தெறித்து ஒட்டும் இரும்புத் துகளுக்கு, ஜெர்மன்காரர்கள் ‘ஃப்ளூக்ரோஸ்ட்’ என்னும் பறக்கும் துருவுக்கு, தனித் திரவம் உண்டு. இரும்பைத் தொட்டதும் ஊதாவாக வழியும். சலூனில் முடி சுருட்டும் மருந்தின் நாற்றம் வரும், காரணம் இரண்டிலும் ஒரே இனத்து வேதிப்பொருள். வெயிலில் காயவிடாமல் கழுவிவிட வேண்டும். செயின் கிரீஸுக்கு மண்ணெண்ணெய் நனைத்த துணி போதும், டயரிலும் பிரேக் டிஸ்க்கிலும் படாமல்.

இதையெல்லாம் வீட்டு வாசலில் செய்தால் என்ன என்றால், நிலத்தடி நீரைக் காக்க ஜெர்மனியின் பல ஊர்களில் அதற்குத் தடை. எண்ணெய் பிரிக்கும் தொட்டியுள்ள சுயசேவை நிலையங்களில் கழுவலாம். பல இடங்களில் ஞாயிறு விடுமுறை. அங்கே உயர் அழுத்தக் குழாயைச் சக்கர பேரிங்குக்கு நேராகப் பிடிக்காதீர்கள், கிரீஸ் வெளியேறிவிடும். லாக்கருக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல வெள்ளைக் கோடுகள் ஓடியிருந்தால் வாளியைக் கவிழ்த்துவிடலாம். அரிப்பு படலத்துக்குக் கீழே இருக்கிறது. பழைய பூச்சை முழுக்க நீக்கிப் புதிதாகப் பூசத்தான் வேண்டும்.