‘அவன் பைத்தியம்’: மனநோய் குறித்த வழக்குத்தொடர்கள் – ஓர் இலக்கண நோக்கு

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மருத்துவம் பெறுவதில் மனநோயுற்றோரை உடல்நோயுற்றோருக்கு இணையாக நடத்த வேண்டும் என்கிறது. தமிழ்ப் பேச்சுவழக்கின் தொடரமைப்பு இவ்விணையை ஏற்கிறதா என்பதே இக்கட்டுரையின் வினா.

உடல்நோயைக் கூறுமிடத்து நோயுற்றவர் பெரும்பாலும் நான்காம் வேற்றுமை ஏற்று வருகிறார்: ‘அவருக்குக் காய்ச்சல்’, ‘அம்மாவுக்குச் சர்க்கரை’. இங்கு ஆள் வேறு, நோய் வேறு. ‘அவர் காய்ச்சல்’ என்னும் வழக்கு இல்லை. ‘அவன் பைத்தியம்’ என்பதோ இயல்பான வழக்கு. நோய்ப்பெயர் பயனிலையாய் நின்று, ஆகுபெயராக ஆளையே சுட்டுகிறது. ‘அவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது’ என்னும் தொடரும் உண்டே எனில், அதன் வினை கருதத்தக்கது. பிடித்தல் சளிக்கும் உண்டு. பேய்க்கும் சனிக்கும் உண்டு. பைத்தியம் பிடித்தது என்பார் எண்ணுவது பெரும்பாலும் பின்னவற்றின் வரிசையையே.

இடவாகுபெயரும் இவ்வாறே தொழிற்படுகிறது. 1794இல் சென்னையில் தோன்றிய மனநோய் மருத்துவ நிறுவனம் இன்று கீழ்ப்பாக்கத்தில் இயங்குகிறது. அதன் பெயர் காலந்தோறும் மாறி, இன்று மனநலக் காப்பகம் என வழங்குகிறது. ஆனால் திரைப்பட நகைச்சுவையிலும் தெருப்பேச்சிலும் ‘கீழ்ப்பாக்கம்’ என்னும் ஊர்ப்பெயரே வசையாகிவிட்டது. இலங்கையில் ‘அங்கொடை’ அவ்வாறானது. மருத்துவம் பெறும் இடத்தின் பெயரே ஏச்சாகும்போது, அங்குச் செல்வதை ஒரு குடும்பம் மறைக்க முற்படுவதில் வியப்பில்லை.

நன்னூலார் கூறும் மங்கல வழக்கை ஒத்த சொல்மாற்றங்கள் போதுமா? ‘மனநோயாளி’ என்பது மதிப்புடைய மாற்றாகவே வந்தது. இன்று அரசியல் வாதங்களில் எதிரியை இழித்துரைக்க அதுவே பயன்படுகிறது. ‘மெண்டல்’ என்னும் ஆங்கிலப் பெயரடையும் தமிழில் பெயர்ச்சொல்லாகி வசையாயிற்று. ஆக, இழிவு சொல்லில் மட்டும் தங்கவில்லை. ஆளையும் நோயையும் ஒன்றாக்கும் தொடரமைப்பிலும் தங்கியுள்ளது. (‘பித்தன்’ மட்டும் விதிவிலக்கு. சுந்தரர் இறைவனை அவ்வாறு விளித்தார். ஒரு சிறுகதையாசிரியர் அதனைப் புனைபெயரில் ஏற்றார். ‘பைத்தியம்’ அப்பேறு பெறவில்லை.)

எனவே செய்தித்தமிழிலும் பாடநூலிலும் ‘அவருக்கு மனச்சோர்வு இருக்கிறது’, ‘அவருக்கு மனச்சிதைவு, மருந்து உட்கொள்கிறார்’ என நான்காம் வேற்றுமைத் தொடர்களையே கையாளலாம். இவற்றுக்குப் புதுச்சொல்லாக்கம் வேண்டியதில்லை. காய்ச்சலுக்கு நாம் என்றும் வழங்கும் அமைப்புத்தான். அகராதிகளில் ‘பைத்தியம்’, ‘கிறுக்கு’ ஆகியவற்றுக்குப் பொருளோடு ‘வசைவழக்கு’ என்னும் குறிப்பும் இடம்பெற வேண்டும்.